பதினெட்டடி ரிங்கும் இரண்டு வேன் ஜனமும்

கோயமுத்தூரில் ரெஸ்லிங் நடத்துகிறோம் என்று சொன்னால் பாதிப் பேர் சிரிப்பார்கள். மீதிப் பேர், அது நிஜமாகவே அடித்துக்கொள்வதா இல்லை சும்மாவா என்று கேட்பார்கள். சிரிப்பவர்களை மன்னித்துவிடுவேன். கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லித்தான் வாய் வலித்துவிட்டது. யார் ஜெயிப்பது என்பது முன்கூட்டியே பேசி வைத்ததுதான். அதை நாங்கள் மறைத்ததில்லை. ஆனால் விழுவது நிஜமாக விழுவதுதான். தொண்ணூறு கிலோ உடம்பு ஆள் உயரத்திலிருந்து முதுகு அடிபட விழும்போது முன்கூட்டிப் பேசி வைத்தது எதுவும் வந்து தாங்காது. தாங்குவது ரிங். அந்த ரிங்கைச் செய்தவன் நான்.

பெருமைக்காகத்தான் சொல்கிறேன். ஊரில் மோட்டார் செய்கிறவன், கிரைண்டர் செய்கிறவன், மில் நடத்துகிறவன் எல்லாம் பெருமை பேசும்போது நான் மட்டும் எதற்கு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்?

கணபதியில் எனக்கு ஒரு வெல்டிங் பட்டறை. கேட், ஷெட், தண்ணீர் தொட்டிக்கு ஸ்டாண்ட், இப்படித்தான் வேலை. என் மனைவியின் அண்ணன், என் மச்சான், போர்வெல் மோட்டார் விற்கிறவர். ஊர் ஊராகத் தோட்டங்களுக்குப் போய் மோட்டார் பற்றிப் பேசுவார். அந்த நேரம் போக அவருக்கு ரெஸ்லிங் பைத்தியம். ஜிம்மில் பழகிய எட்டுப் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு, ஒரு கம்பெனிபோல ஆரம்பிக்கலாம் என்று ஒரு நாள் பட்டறைக்கு வந்து உட்கார்ந்தார். ரிங் மட்டும் நீங்கள் செய்து கொடுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். ரிங் என்றால் என்ன, நாலு கம்பம், மூன்று கயிறு, ஒரு மேடை, பத்து நாள் வேலை என்று நினைத்து ஒப்புக்கொண்டேன். ஒன்பது மாதம் ஆனது.

முதலில் செய்த மேடையில் ஏறி நானே விழுந்து பார்த்தேன். இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. அப்புறம் லாரிக்கு அடியில் எடையைத் தாங்கி வளைந்து கொடுக்குமே, அந்தக் கமான் பட்டைகளைப் பழசாக வாங்கி வந்து, மேடைக்கு அடியில் குறுக்கும் நெடுக்குமாகப் பொருத்தினேன். அதிகம் வளைந்தால் ஆள் பந்துபோலத் துள்ளுவான், பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். வளையாவிட்டால் முதுகு போய்விடும். ஒவ்வொரு பட்டையாகக் கழற்றி, ஒரு இலை குறைத்து, ஒரு இலை கூட்டி, திரும்ப விழுந்து, இப்படியே போனது. கடைசியில் பலகை, அதன் மேல் ஃபோம், அதன் மேல் தார்ப்பாய். பதினெட்டடிக்குப் பதினெட்டடி. ஆள் விழுந்தால் இடி இடித்ததுபோலச் சத்தம் வரும், விழுந்தவன் சிரித்துக்கொண்டே எழுந்திருப்பான். அடியிலிருந்த இரும்புச் சட்டம் மொத்தத்தையும் ஒரே உடம்பாகப் பற்றவைத்து, தரையில் போல்ட் இறக்கிக் கான்கிரீட் போட்டு மூடினேன். யானை வந்து முட்டினாலும் அசையாது.

தரை என்று சொன்னது சிங்காநல்லூரில் மூடிப்போன மில் ஒன்றின் பஞ்சு குடோன். மேலே ஓடு, பக்கத்தில் பெரிய ஜன்னல்கள், நல்ல காற்று. இருநூறு நாற்காலி போடலாம். மாதத்தில் இரண்டாவது ஞாயிறும் நான்காவது ஞாயிறும் சாயங்காலம் நாலு மணிக்கு ஆரம்பித்து ஆறரைக்கு முடித்துவிடுவோம். ஞாயிறு ராத்திரி வீட்டில் சோறு பொங்க வேண்டும், மறுநாள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்று சொல்லி நேரத்தை முடிவு செய்தது என் மனைவி.

மைக்கும் அவளுடையதுதான். வேறு ஊர்களில் ரெஸ்லிங் அறிவிப்பாளர் தொண்டை கிழியக் கத்துவாராம். இவள் கல்யாண வீட்டு வாசலில் நின்று வரவேற்கிற மாதிரிப் பேசுவாள். வில்லன் உள்ளே வரும்போது, "அவுரு வந்துட்டிருக்காருங்க. கொஞ்சம் வழி உடுங்க. கொழந்தைகளப் புடிச்சுக்கோங்க" என்பாள். அந்த 'ங்க'வுக்கே ஒரு கூட்டம் வந்தது.

வில்லன் என் மச்சான்தான். நாற்பத்தியிரண்டு வயது, தொந்தி லேசாக எட்டிப் பார்க்கும், கறுப்பு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மீசையைத் தடவியபடி வருவார். மோட்டார் வாங்க வருகிறவர்களிடம் இப்படி ஒரு தங்கமான மனுஷனா என்று பேர் வாங்கியவர், ரிங்கில் ஏறினால் எதிராளியின் கண்ணில் விபூதியைத் தூவுவார், நாற்காலியால் முதுகில் அடிப்பார். வழக்கமாக வருகிறவர்கள் அவரை வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். ஆர்.எஸ்.புரத்தில் தையல் கடை வைத்திருக்கும் ஓர் அக்கா முதல் வரிசையில் வலது ஓரம் உட்காருவார். ஆறு வருஷத்தில் நாலே நாலு முறைதான் வரவில்லை. அவர் திட்டுவதைக் கேட்கவே பின்வரிசைக்காரர்கள் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார்கள். ஆட்டம் முடிந்ததும் அதே அக்கா மச்சானிடம் போய், இன்றைக்குக் கை வலிக்கிறதா, தைலம் தேய்த்தீர்களா என்று விசாரிப்பார். மச்சானுக்கு அந்தத் திட்டுத்தான் சாப்பாடு.

கஷ்டம் எங்கே ஆரம்பித்தது என்றால், நாற்காலிகளில். முதல் இரண்டு வருஷம் இருநூறும் நிரம்பின. அப்புறம் நூறு. போன வருஷம் அறுபது, எழுபது. எல்லாம் ஒரே முகங்கள். அந்த முகங்களை எனக்குப் பிடிக்கும், அது வேறு விஷயம். ஒரு ஞாயிறு ஆட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது மச்சான் மெதுவாக ஆரம்பித்தார். ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தால் இப்படியேதான் தேய்ந்துகொண்டு போகும், நாம் ஊர் ஊராகப் போக வேண்டும், கோபி, கொடுமுடி, தாராபுரம், பொள்ளாச்சி, லாரியில் ரிங்கை ஏற்றிக்கொண்டு போனால் ஒவ்வொரு ஊரிலும் புது ஜனம் என்றார். அவர் தொழிலே ஊர் சுற்றுவது, அந்தப் புத்தி எங்கே போகும் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் அவர் கடைசியாகச் சொன்னார்.

"ரிங்க மட்டும் எட்டுத் துண்டா அறுத்துப் போட்டீங்கன்னா லாரில ஏத்திப் போடலாமுங்க மாப்ள."

எங்கள் பக்கத்தில் மச்சானும் மாப்பிள்ளையும் சண்டை போடுவது வெளியாட்களுக்குப் புரியாது. 'ங்க' ஒன்றுகூடக் குறையாது. காப்பி வந்தால் நிறுத்திக் குடித்துவிட்டுத் தொடருவோம். ஆனால் அன்றைக்கு எனக்கு வந்த கோபம் சாதாரணக் கோபம் அல்ல. ஒன்பது மாதம் விழுந்து விழுந்து செய்த சாமானை, அதில் ஆறு வருஷமாக ஒரு கீறல் இல்லாமல் விழுந்து எழுந்த மனுஷனே அறுக்கச் சொல்கிறார். ஒரே உடம்பாகப் பற்றவைத்த சட்டத்தை அறுத்துப் போல்ட் போட்டால் மூட்டுக்கு மூட்டு ஆடும், சத்தம் போய்விடும், ஒரு நாள் யாராவது கழுத்தை முறித்துக்கொள்வார்கள் என்றேன். அப்படியானால் நிரம்பாத நாற்காலிகளுக்கு என்ன வழி என்று அவர் கேட்டார். நல்ல ஆட்டம் போடுங்கள், தானாக வருவார்கள் என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. அவர் முகம் சுருங்கியது. என் மனைவி என்னைப் பார்த்த பார்வையில் அன்றைக்கு ராத்திரி சோறு பொங்குமா என்பதே சந்தேகமாகிவிட்டது.

அவள்தான் ஒரு வழி சொன்னாள். ஒரே ஒரு ஊருக்கு, வாடகை ரிங்கோடு போய்ப் பாருங்கள். ஜனம் ஒட்டினால் அறுக்கலாம். ஒட்டாவிட்டால் மச்சான் அந்தப் பேச்சை எடுக்கவே கூடாது. இரண்டு பேரும் ஒப்புக்கொண்டோம். கோபியில் மச்சானுக்குத் தெரிந்த ஒரு மோட்டார் டீலர், கல்யாண மண்டபத்துக்குப் பக்கத்து மைதானத்தைப் பேசிக் கொடுத்தார். ஒரு கல்லூரியிலிருந்து பாக்ஸிங் ரிங் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். ஞாயிறு காலை பதினோரு மணி ஆட்டம்.

கூட்டத்தைப் பார்த்ததும் எனக்கே தலை சுற்றியது. நானூறு பேர் இருப்பார்கள். குடும்பம் குடும்பமாக, நல்ல துணி உடுத்திக்கொண்டு, வயலிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் சீக்கிரம் வேலை முடித்துக் குளித்துவிட்டு வந்த ஜனம். முன்னால் பவானி ஜமக்காளம் விரித்து ஊர்ப் பெரியவர்களை உட்கார வைத்திருந்தார்கள். மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்து மீசையைத் தடவினார். தோற்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

ஆட்டம் ஆரம்பித்தது. ஒரு சத்தம் இல்லை. மச்சான் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு முறைத்தபடி வந்தார். ஜனம் எழுந்து வழி விட்டது. ஒரு அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். எங்கள் ஹீரோ, ஜிம்மில் மாஸ்டராக இருப்பவர், வந்தார். அவரையும் கும்பிட்டார்கள். மச்சான் ஹீரோவின் முடியைப் பிடித்து இழுத்தார். சிங்காநல்லூரில் இந்த இடத்தில் ஜனம் கத்துகிற கத்தலில் ஓடு பறக்கும். இங்கே ஜனம் சங்கடப்பட்டு நெளிந்தது. மச்சான் கயிற்றின் மேல் சாய்ந்து கூட்டத்தைப் பார்த்து, நீங்கள் எல்லாம் என்னை என்ன செய்ய முடியும் என்று சவால் விட்டார். ஒருவர் பணிவாக, ஒன்றும் செய்ய முடியாதுங்க என்று பதில் சொன்னார். முதல் முறை வீட்டுக்கு வந்த விருந்தாளியை எப்படித் திட்டுவது? அந்த ஊரில் யாருக்கும் அது தெரியாது. எங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும், நாங்களும் அதே மண்தானே.

அப்புறம் நாற்காலி. ஹீரோ முதுகைக் காட்டி நின்றபோது மச்சான் பின்னால் வந்து இரும்பு நாற்காலியால் அடித்தார். ஹீரோ சுருண்டு விழுந்தார். ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர்களில் மூன்று பேர் எழுந்தார்கள். துண்டை உதறித் தோளில் போட்டார்கள். நிதானமாகப் படியேறி, கயிற்றைத் தூக்கிக் குனிந்து ரிங்குக்குள் வந்துவிட்டார்கள். ரெஃப்ரி ஒன்றும் சின்னப் பையன் அல்ல, ஐம்பது வயது ஆள், அவரே கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றார். மூவரில் உயரமானவர் மச்சானின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"போதுமுங்க. அந்தப் பையன் உங்களுக்கு என்ன பண்ணிப்போட்டான்? எதுவா இருந்தாலும் உக்காந்து பேசித் தீத்துக்கலாமுங்க."

மச்சான் என்ன செய்திருக்க வேண்டும்? கையை உதறியிருக்க வேண்டும், கத்தியிருக்க வேண்டும், ஓர் உறுமலாவது உறுமியிருக்க வேண்டும். ஆறு வருஷமாக வில்லன். ஆனால் பெரியவர் கையைப் பிடித்துக் கேட்டதும், நாற்காலியைக் கீழே வைத்துவிட்டு, மடித்துக் கட்டிய லுங்கியை அவிழ்த்துக் கீழே விட்டு, "செரிங்க" என்று சொல்லிவிட்டார்.

அவ்வளவுதான். மூவரும் ஹீரோவை எழுப்பி உட்கார வைத்து, இரண்டு பேர் கையையும் சேர்த்துப் பிடித்து, ஆளுக்கு ஒரு கலர் சோடா கொடுத்துச் சமாதானம் செய்து வைத்தார்கள். அப்போதுதான் நானூறு பேரும் கை தட்டினார்கள். அந்த மைதானத்தில் அன்றைக்கு அதுதான் ஒரே ஆரவாரம்.

நான் ரிங்குக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு சிரித்தேன். வயிறு வலிக்கும்வரை சிரித்தேன். என் ரிங் பிழைத்தது என்ற சந்தோஷமும் அந்தச் சிரிப்பில் இருந்தது. இன்றைக்கு நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஆட்டம் யாரும் ஜெயிக்காமலேயே நின்றுபோனதால் என் மனைவிதான் மைக்கை எடுத்து முடித்து வைக்க வேண்டியிருந்தது. அவளுக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஒரு வீட்டுக்குப் போய்விட்டுக் கிளம்பும்போது எல்லோரும் சொல்வதைத்தான் அவளும் சொன்னாள். இவ்வளவு நேரம் இருந்து பார்த்ததற்கு நன்றி, போய்விட்டு வருகிறோம் என்றெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியாக, "எல்லாரும் ஒருக்கா நம்ம ஊட்டுக்கும் வாங்க. வர்ற ரெண்டாவது ஞாயித்துக்கெழமை, நாலு மணிக்கு, சிங்காநல்லூர் குடோனுங்க" என்றாள். சொல்லிவிட்டு மைக்கை அணைத்தாள். யாரும் அதைக் காதில் போட்டுக்கொண்ட மாதிரித் தெரியவில்லை.

திரும்பி வரும் வழியில் நம்பியூரில் டீக்கு நிறுத்தினோம். மச்சான் டெம்போவை விட்டு இறங்கவில்லை. முதுகில் அடி. பாக்ஸிங் ரிங்கின் மரப்பலகைக்கு வளைவு கிடையாது, முதல் முறை விழுந்தபோதே பிடித்துக்கொண்டது, கடைசிவரை வெளியே காட்டவில்லை. டீயை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். வாயில் கேலி தயாராக வைத்திருந்தேன். அவர் டீயைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டே சொன்னார்.

"ரிங்க அறுக்க வேண்டாமுங்க மாப்ள. நான் நிறுத்திக்கறேன். ஒரு பெரியவரு கையப் புடிச்சா 'செரிங்க'ங்கற ஆளு எதுக்குங்க வில்லன்?"

என் வாயில் இருந்த கேலி அப்படியே நின்றுபோனது. ரிங் பிழைத்தது, சரி. அதில் விழுவதற்கு ஆள் வேண்டாமா? ஒன்பது மாதம் நான் விழுந்து பார்த்தது யாருக்காக? அந்த உடம்பின் எடைக்காகத்தான் ஒவ்வொரு பட்டையையும் அளந்தேன். அவர் இல்லாமல் அந்த ரிங் வெறும் இரும்பு. இதை அவரிடம் சொல்லத் தெரியவில்லை. டீ ஆறிப்போகிறது குடியுங்கள் என்றுதான் சொன்னேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது அவள் அழுதாள். அப்புறம் நாலு நாள் என்னோடு பேசவில்லை. மைதானத்தில் நான் சிரித்ததை அவள் பார்த்திருக்கிறாள்.

அந்த இரண்டாவது ஞாயிறு அவருடைய கடைசி ஆட்டம் என்று முடிவாயிற்று. வழக்கமாக வருகிறவர்களுக்கு மட்டும் விஷயம் தெரியும். மூன்றரை மணிக்கு நான் கயிறுகளை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். நாற்காலி எண்பது போட்டால் போதும் என்று சொல்லியிருந்தேன். வாசலில் ஹாரன் சத்தம். எட்டிப் பார்த்தால் இரண்டு வேன். கல்யாணத்துக்குப் போகிற வேன்போலவே இருந்தன, முன்னால் மாலை மட்டும்தான் இல்லை. உள்ளேயிருந்து பட்டுப்புடவையும் வெள்ளை வேட்டியுமாக இறங்குகிறார்கள். தலை நிறையப் பூ. இரண்டு பேர் வாழைத்தாரைத் தோளில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். ஒரு அம்மா கையில் தட்டு, அதில் வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய். உயரமான பெரியவர் முன்னால் வந்து என் மனைவியைத் தேடிக் கண்டுபிடித்தார்.

"வரச் சொன்னீங்களே அம்மணி. வந்துட்டோமுங்க. நீங்க நேர்ல வந்து கூப்புட்டும் நாங்க வராம இருந்தா நல்லா இருக்குங்களா?"

மனைவி தட்டை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றாள். அவள் சும்மா வாய்வார்த்தைக்குச் சொன்னது. அவர்கள் அதை அழைப்பாக எடுத்துக்கொண்டார்கள். யோசித்தால் அதில் அவர்கள் தப்பு எதுவுமில்லை. போஸ்டரும் வாட்ஸப்பும் எத்தனை அனுப்பியிருப்போம். எங்கள் பக்கத்தில் யாராவது அதைப் பார்த்து ஒரு விசேஷத்துக்குப் போவார்களா? நேரில் வந்து கூப்பிட வேண்டும். ஆறு வருஷமாக நாங்கள் யாரையும் கூப்பிடவே இல்லை. வழக்கமாக வருகிறவர்களும் கடைசி ஆட்டம் என்று குடும்பத்தோடு வந்துவிட்டதால், இருநூறு நாற்காலியும் போட்டு, பற்றாமல், பக்கத்து டீக்கடையிலிருந்து பெஞ்சு தூக்கி வந்தோம்.

உயரமான பெரியவரை முதல் வரிசையில் தையல்கார அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன். மச்சான் திரைக்குப் பின்னால் இருந்து கூட்டத்தைப் பார்த்துவிட்டு வெளியே வர மாட்டேன் என்றார். அவரை வெளியே தள்ளியதே பெரும்பாடு. அவர் வந்ததும் அக்கா எழுந்து நின்று திட்ட ஆரம்பித்துவிட்டார். பெரியவர் பதறி அக்காவின் முந்தானையைப் பிடித்து இழுக்காத குறையாக, திட்டினால் அந்த மனுஷன் கோபித்துக்கொள்ள மாட்டாரா என்று கேட்டார். அக்கா குனிந்து சொன்னதை ஓரத்தில் நின்று நான் கேட்டேன்.

"நீங்க திட்டுலீன்னாத்தானுங்க கோவிச்சுக்குவாரு. அவுருக்கு அதுதானுங்க வேல. பாவம், அன்னிக்கு உங்கூர்ல ஒருத்தரும் திட்டாம அனுப்பிப்போட்டீங்களாமா."

பெரியவர் அதை யோசித்தார். பின்னால் திரும்பிக் கோபிக்காரர்களிடம் அதைச் சொன்னார். அவர்களுக்குள் ஒரு முணுமுணுப்பு ஓடியது. விருந்தாளிக்கு வேண்டியதைக் கொடுக்காமல் அனுப்பிவிட்டோம் என்ற வருத்தம் அவர்கள் முகத்தில் தெரிந்தது. அப்புறம் மச்சான் நாற்காலியைத் தூக்கினார். பெரியவர் எழுந்தார். துண்டை உதறினார். எனக்கு உயிரே போயிற்று. மறுபடியும் சமாதானத்துக்கு ஏறப் போகிறார் என்று நினைத்தேன். அவர் நின்ற இடத்திலேயே நின்று, இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, குடோன் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"ஏனுங்க, உங்களுக்கெல்லாம் வெக்கமே இல்லீங்களா?"

இரண்டு வேன் ஜனமும் சேர்ந்து எழுந்தது. மச்சான் நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கியபடி ஒரு கணம் அசையாமல் நின்றார். அப்புறம் பெரியவரை நோக்கித் திரும்பி, மீசையை முறுக்கி, ஓர் உறுமல் உறுமினார். ஆறு வருஷத்தில் அப்படி ஒரு உறுமலை நான் கேட்டதில்லை. ஹீரோ அவரைத் தூக்கிப் போட்டபோது வந்த சத்தத்துக்கு ஜன்னலில் உட்கார்ந்திருந்த புறாக்கள் எல்லாம் பறந்தன. கடைசி ஆட்டம் என்ற பேச்சை அதற்கப்புறம் அவரும் எடுக்கவில்லை, நாங்களும் எடுக்கவில்லை.

ஆட்டம் முடிந்து வாழைப்பழத்தை எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தபோது பெரியவர் ரிங் பக்கத்தில் வந்து நின்றார். மேடையைக் கையால் தட்டிப் பார்த்தார். குனிந்து அடியில் இருந்த பட்டைகளைப் பார்த்தார். விவசாயி, இரும்பு தெரிந்தவர், யார் செய்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது. நெம்ப நல்லா இருக்குதுங்க என்றார். அப்புறம், எங்கள் ஊரில் இந்தச் சத்தம் வரவில்லையே என்றார். அது வாடகை ரிங் என்று விளக்கினேன். அவர் தலையாட்டினார்.

"அப்ப எங்கூருக்கு வந்தப்ப உங்க சாமானத்த ஊட்டுலயே வெச்சுப்போட்டு வந்துட்டீங்களா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

ராத்திரி வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். அவர்கள் எங்களிடம் வந்தபோது பெட்டியிலிருந்த பட்டுப்புடவையை எடுத்து உடுத்திக்கொண்டு வந்தார்கள். தோட்டத்தின் நல்ல வாழைத்தாரை வெட்டிக்கொண்டு வந்தார்கள். நாங்கள் அவர்களிடம் போனபோது, ஒரு கீறல் விழுந்துவிடக் கூடாதென்று என் ரிங்கைக் கான்கிரீட்டுக்குள் பூட்டி வைத்துவிட்டு, எவருடைய மரப்பலகையையோ தூக்கிக்கொண்டு போயிருக்கிறோம். அதில் விழுந்து மச்சானின் முதுகும் போயிற்று. பெருமை பெருமை என்று நான் பேசியதெல்லாம் கஞ்சத்தனம் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

திங்கட்கிழமை காலை பட்டறையைத் திறக்கவில்லை. கிரைண்டரையும் கட்டிங் வீலையும் எடுத்துக்கொண்டு குடோனுக்குப் போனேன். தார்ப்பாயையும் பலகைகளையும் கழற்றிக்கொண்டிருந்தபோது மச்சானும் மனைவியும் வந்தார்கள். மச்சான் கிரைண்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்புறம் நான் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தார். சட்டத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். வேண்டாம், ஜனம்தான் இங்கேயே வருகிறதே, இனிமேல் ஊர் ஊராகப் போய்க் கூப்பிட்டுவிட்டு மட்டும் வருவோம், இது இங்கேயே இருக்கட்டும், அறுத்தால் ஆடும் என்று நீங்களே சொன்னீர்களே என்றார். அறுத்தாலும் ஆடாமல் செய்ய எனக்குத் தெரியும் என்றேன். முதலில் அப்படிச் சொல்லவில்லையே என்றார். முதலில் எனக்குக் கோபம் என்றேன். இப்படி அரை மணி நேரம், வாதத்தை மாற்றி வைத்துக்கொண்டு, ஒரு 'ங்க' குறையாமல் சண்டை போட்டோம். மனைவி இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் என் சட்டைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, அவள் அண்ணன் உட்கார்ந்திருந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி, சட்டத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டாள்.

அந்தக் கோட்டிலிருந்தே அறுக்க ஆரம்பித்தேன். கான்கிரீட்டுக்குள் இறங்கியிருந்த போல்ட்டுகளையும் வெட்டிவிட்டேன். வெட்டிய ஒவ்வொரு முனையிலும் முக்கால் அங்குலத் தகடு, தகட்டுக்கு ஆறு போல்ட், போல்ட்டுக்கு இரண்டு நட். நாலு நாள் வேலை. மூட்டிப் பார்த்து மச்சானை நடுவில் விழச் சொன்னேன். மூட்டு ஒன்றுகூட அசையவில்லை. கழற்றி எட்டுத் துண்டாக ஜன்னலோரம் சாய்த்து வைத்தோம். ஒரே உடம்பாக நின்றபோதுகூட அந்த இரும்பைப் பார்த்து எனக்கு இவ்வளவு பெருமை வந்ததில்லை. ஊர் ஊராகச் சுற்றுவது வேண்டவே வேண்டாம் என்று நின்ற நான்தான் மச்சானிடம் கேட்டேன், முதலில் எந்த ஊருக்குப் போகலாம் என்று. கொடுமுடி என்பார், இல்லை தாராபுரம் என்பார் என்று நினைத்தேன்.

"கோபிக்குத்தானுங்க மாப்ள" என்றார். "அவிய நம்ம ஊட்டுக்கு வந்துட்டுப் போயிட்டாங்க. நாம இன்னும் அவிய ஊட்டுக்குப் போகவே இல்லீங்களே."